மட்டக்கல்

பிராதோல் ஊரில் ஒருவனைத் திட்டவேண்டுமென்றால் அவனைப் பெற்றவர்களை யாரும் இழுப்பதில்லை. அவன் செய்த நாற்காலியை இழுப்பார்கள். "உன் நாற்காலி ஆடுதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இரண்டு வீட்டுக்கும் தலைமுறைக்கும் பேச்சு கிடையாது. ஆற்றை ஒட்டின அந்த ஊரில் ஒரு வீட்டில் கால் கடைவார்கள், அடுத்த வீட்டில் முதுகுச் சட்டம் வளைப்பார்கள், அதற்கடுத்த வீட்டு முற்றத்தில் பெண்கள் ஈரக் கோரையை மடியில் போட்டு இருக்கை பின்னுவார்கள். உதினே பட்டணத்திலிருந்து லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்த ஊர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒத்தாவியோ நின்றுகொண்டு சாப்பிட்டான்.

சமையலறையில் மாவுப்பெட்டி அவன் நெஞ்சு உயரம். தெல்பீனா அதன்மேல் ஒரு துணியை விரித்து, சோளக்களியையும் வதக்கிய கீரையையும் ஒயின் கிளாசையும் வைப்பாள். மேசையில் அவளும் மகள் நீவெஸும் உட்கார்ந்திருப்பார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி முன்னால் நின்று தின்பான். பார்க்கிறவர்களுக்கு அவன் யாரிடமோ கோபித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் நடந்தது அது. ஆவியில் வெந்த பீச் என்கிற காட்டுமரச் சட்டத்தை இரும்பு அச்சில் வளைத்துப் பூட்டும்போது பூட்டு நழுவிவிட்டது. வளைந்த மரம் துள்ளி நிமிர்ந்து அவன் இடுப்பில் அடித்தது. எலும்பு கூடிவிட்டது என்று உதினே டாக்டர் சொன்னார். கூடியது உண்மைதான். ஆனால் இடுப்பு மடங்க மறுத்தது. அவன் நின்றான், நடந்தான், படுத்தான். உட்கார மட்டும் முடியவில்லை. கோவிலில் பூசை முழுக்கக் கடைசித் தூணோரம் நின்றான். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் விஷயம் தெரியாமல், "இப்படியல்லவா பக்தி இருக்கவேண்டும்" என்று பிரசங்கத்தில் அவனை மெச்சிவிட்டார். அன்றைக்கு மதுக்கடையில் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ஒத்தாவியோவும் சிரித்தான். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டான்.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தெல்பீனா விட்டிருப்பாள். ஆனால் திராட்சை அறுப்பு முடிந்ததும் நீவெஸுக்குக் கல்யாணம். அந்த ஊர்க் கல்யாணத்தில் பெண்ணின் அப்பன் தான் செய்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்து எழுந்து, அதில் மகளை உட்காரவைத்த பிறகுதான் பந்தி.

"சடங்க நெனச்சியாடி?" என்று கேட்டாள் ஓந்தினா. அவள் ஒத்தாவியோவின் அக்கா, பக்கத்து வீடு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கோரை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"நெனைக்காம என்ன அண்ணி."

"நாற்காலிய அவன் செஞ்சிடுவான். தோள்ல தூக்கிக்கிட்டும் வந்துடுவான். உக்காரணுமே."

"தெரியும்."

"அப்பன் உக்காராத நாற்காலியில பொண்ணு எப்படி உக்காருவா? அவ உக்காராம சோறு எப்படிப் போடுவாங்க? சாந்தினா மக கல்யாணத்துல அவ அப்பன் போர்ல செத்துட்டான்னு சித்தப்பன் உக்காந்தான். அந்தப் பொண்ணு இன்னிக்கும் அந்த வீட்டுல ஒரு ஓரமாத்தான் நிக்குது."

"அவ சோம்பேறி அண்ணி. அதுக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும். நான் கண்டதச் சொன்னேன்" என்றாள் ஓந்தினா. கோரையை வாயால் ஈரப்படுத்தி இழுத்து முறுக்கினாள். அவளுக்குத் தம்பி மேல் கொள்ளை அன்பு. அந்த அன்பு எப்போதும் கெட்ட சேதியாகத்தான் வெளியே வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா எர்மெஸ் வந்தான். ஒத்தாவியோவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது முப்பது பேருக்கு வேலை கொடுக்கிற தொழிற்சாலை வைத்திருந்தான். ஊரிலேயே கனமான ஆள், மனசில் கள்ளம் கிடையாது, வாயில் அடக்கமும் கிடையாது. நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்து ஒயினை ஒரே மடக்கில் குடித்தான்.

"நீ நின்னுக்கிட்டுப் பேசினா எனக்கு வாத்தியார் முன்னாடி உக்காந்த மாதிரி இருக்குடா" என்றான்.

"நல்லதுதான். அப்பதான் படிக்கல, இப்பவாச்சும் படி" என்றான் ஒத்தாவியோ.

"சரி, விஷயத்துக்கு வரேன். அந்தச் சடங்க நெனச்சு நீ மண்டைய ஒடைச்சுக்காத. நானே உக்காந்து எந்திரிச்சுடறேன். யார் உக்காந்தா என்ன?"

"நீ உக்காந்து எந்திரிச்சா என் மக உக்கார நாற்காலி மிச்சம் இருக்காது."

எர்மெஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்ப என் தம்பிய உக்காரச் சொல்றேன். அவன் ஒல்லி."

"நான் உக்காருவேன்" என்றான் ஒத்தாவியோ. அவன் குரல் மாறியிருந்தது. எர்மெஸ் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தெல்பீனாவைப் பார்த்தான். அவள் காலி கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் பட்டறையில் தடாரென்று சத்தம் கேட்டது. தெல்பீனா ஓடிப் பார்த்தபோது ஒத்தாவியோ தரையில் கிடந்தான். பக்கத்தில் ஒரு நாற்காலி கவிழ்ந்திருந்தது. அவன் முகம் மாவு பூசினதுபோல் வெளுத்திருந்தது, மேலுதடு வியர்த்திருந்தது.

"தூக்காத" என்றான்.

"சும்மா கைய மட்டும்…"

"தூக்காதன்னு சொன்னேன்ல."

மேசைக் காலைப் பிடித்து, பக்கவாட்டில் புரண்டு, மெல்ல மெல்ல அவனே எழுந்தான். அதுவரை அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கிட்ட இருந்தும் தொடமுடியாமல் நிற்பது அவளுக்கு அவன் விழுந்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

மறுநாள் காலையில் பாலும் களியும் தின்றுகொண்டே மாவுப்பெட்டியைப் பார்த்துச் சொன்னான். "கல்யாணத்துக்கு நான் வரல. நீங்களும் அக்காவும் போயிட்டு வாங்க."

நீவெஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள். "அப்ப நானும் வரல."

"கல்யாணப் பொண்ணு இல்லாம கல்யாணம் எப்படிடி நடக்கும்?"

"அதத்தாம்ப்பா நானும் கேக்கறேன். நீ இல்லாம எப்படி நடக்கும்?"

பால் ஆடை கட்டியது. நீவெஸ் பிடிவாதக்காரி என்பது ஊருக்கே தெரியும், அது எங்கிருந்து வந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். சொன்னால் செய்துவிடுவாள்.

அந்த வாரம் ஒத்தாவியோ பட்டறையிலேயே ஒரு வேலையில் மூழ்கிக் கிடந்தான். வசந்தத்தில் மிலானிலிருந்து ஒரு பெண் வந்து கொடுத்துவிட்டுப் போன வேலை அது. லிவியா என்று பெயர், கட்டிடம் வரைகிற படிப்புப் படித்தவள். ஊரில் எல்லாரும் அவளை ஆர்க்கிடெக்டம்மா என்றார்கள். அவள் கொண்டுவந்த படத்தைப் பெரிய பட்டறைக்காரர்கள் எல்லாம் தட்டிக்கழித்துவிட்டார்கள். எர்மெஸ் அந்தப் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படிப் பாத்தாலும் நாற்காலி தெரியலையேம்மா" என்று சொல்லியிருந்தான். ஒத்தாவியோ மட்டும் வாங்கிப் பலகை மேல் குத்திவைத்துக்கொண்டான். விபத்துக்குப் பிறகு அவனிடம் எல்லாரும் சுலபமான வேலையாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்கவேண்டிய வேலை ஒன்று வந்ததும் அவனுக்கு விடமுடியவில்லை.

அந்த வேலையை இப்போது முடித்துவிட்டான். முடித்து முற்றத்து மட்டக்கல் மேல் வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

மட்டக்கல் என்பது வழவழவென்ற பளிங்குப் பலகை. பிராதோலில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். செய்துமுடித்த நாற்காலியை அதன்மேல் நிறுத்தி, குமிழி ஓடுகிற ரசமட்டம் வைத்துப் பார்த்து, எந்தக் கால் நீளமோ அதை மயிரிழை மயிரிழையாக அறுத்து நேராக்குவார்கள். அது பெண்கள் வேலை. ஆண்கள் படத்தைப் பார்த்துச் செய்வார்கள், பெண்கள் படத்தைப் பார்க்கவேமாட்டார்கள். அவர்களுக்குக் கல் இருக்கிறது, அது பொய் சொல்லாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெல்பீனா அந்தக் கல்லில் எத்தனை நாற்காலியை நேராக்கியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் நேராக்கி ஒன்று ஆடியதாகப் பேச்சில்லை.

கல்மேல் இருந்ததை அவள் சுற்றிவந்து பார்த்தாள். உயரமான ஒன்று, மதுக்கடையில் போடுவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதுகு என்று ஒன்றில்லை, இடுப்புக்கு மட்டும் கையகலத்தில் ஒரு வளைவு. கால் வைக்க ஒரு குறுக்குச்சட்டம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இருக்கை முன்பக்கமாகக் கவிழ்ந்து நின்றது. ரசமட்டத்தை வைத்தாள். குமிழி ஓடிப்போய்ப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டது. மயிரிழை இல்லை, இரண்டு விரல் கோணல்.

ஒத்தாவியோ கையா இது? ஊரிலேயே அளவு தப்பாத கை என்று பேர் வாங்கின கையா? இடுப்பு போனதோடு கையும் போய்விட்டதா? அவன் இதைப் பார்த்தால் என்ன ஆவான்? அவள் பட்டறைக் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. சின்ன ரம்பத்தை எடுத்து, சத்தம் வராமல் இழுத்து இழுத்து, பின்னங்கால் இரண்டையும் குறைத்தாள். உப்புத்தாள் போட்டாள். குமிழி நடுவுக்கு வந்து நின்றது. அறுத்த துண்டுகளை அடுப்பில் போட்டாள். நாற்காலியைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு களி கிண்டப் போனாள்.

ஆர்க்கிடெக்டம்மா வந்த அன்றும் மழை. சின்னக் கார் முற்றத்துச் சேற்றில் சிக்கி, நீவெஸும் ஓந்தினாவும் தள்ளிவிட்டார்கள். லிவியாவுக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடியில் விழுந்த மழைத்துளியைத் துடைக்காமலே சாக்கை அவிழ்த்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"இது நான் வரைஞ்சது இல்லையே" என்றாள்.

"அளவு பிசகாம செஞ்சேன்மா" என்றான் ஒத்தாவியோ.

"சாய்வு எங்க? முன்னாடி சரியணும். நாள் பூரா நின்னு வேலை செய்யற பொண்ணுங்களுக்காக வரைஞ்சது. பாதி நிக்கற மாதிரி, பாதி உக்கார்ற மாதிரி. இதுல சாய்வே இல்லையே."

ஒத்தாவியோ நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பினான். பின்னங்கால் நுனியைக் கட்டைவிரலால் தடவினான். பிராதோலில் ரம்பம் ஓடின தடத்தைப் பார்த்தே யார் அறுத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

"இது உன் அறுப்பு" என்றான் தெல்பீனாவிடம்.

"கோணலா நின்னுச்சு" என்றாள்.

"கோணலா நின்னா என்கிட்ட கேக்கறது."

"கேட்டா நீ வருத்தப்படுவேன்னுதான்…" அதற்குமேல் பொய் வரவில்லை. "உன் கை தப்பிடுச்சுன்னு நெனச்சேன், ஒத்தாவியோ. உனக்குத் தெரியாம சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

கூரைத் தண்ணீர் தகரத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஒத்தாவியோ தன் கை இரண்டையும் ஒருதரம் பார்த்தான்.

"கை தப்பிடுச்சுன்னா நெனச்ச" என்றான், கேள்வியாக இல்லாமல்.

லிவியா வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "மாசக் கடைசியில மிலான்ல கண்காட்சி. மறுபடி செய்ய முடியுங்களா?" என்று கேட்டாள்.

"செஞ்சு தரேன்மா" என்று அவளிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை. திராட்சை அறுப்புக்கு ஊரே மலைச்சரிவில் ஏறியது, தெல்பீனாவும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள், சாயங்காலம் சாறு பிசுபிசுக்கிற கையோடு திரும்பினாள். பட்டறைக்கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். சாப்பாட்டை ஜன்னல் விளிம்பில் வைப்பாள், கொஞ்சநேரம் கழித்துக் காலித் தட்டு அதே விளிம்பில் இருக்கும். கல்யாணத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நீவெஸ் மட்டும் ஒருநாள் கல்யாண உடுப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் மடித்துவைத்தாள்.

"ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு கேளேன்டி" என்றாள் ஓந்தினா.

"எதுக்குன்னு கேக்கறது அண்ணி? கால அறுத்ததுக்கு கேக்கலாம். அவன் கைய நம்பாததுக்கு என்ன கேக்கறது?"

ஒரு மத்தியானம் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடை சுட்டாள். அவனுக்கு உயிர் அது. மழைக்குத் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு பட்டறை ஜன்னலுக்குப் போனாள். உள்ளே அவன் புது நாற்காலிக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தான். வஜ்ரம் காய்ச்சின வாடை வெளியே வரை வந்தது. துளைகளில் கட்டைகளை அடித்து இறக்கியாயிற்று, பசை இறுகும்வரை மேலே பாரம் வேண்டும், சுற்றிக் கயிறு போட்டு முறுக்கவும் வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. எப்போதும் அவள்தான் மேலே அழுத்திப் பிடிப்பாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. அந்த உயரமான இருக்கைமேல் தானே பின்பக்கமாகச் சாய்ந்து பாரத்தைப் போட்டு, கீழே கையை விட்டுக் கயிற்றைக் குச்சியால் முறுக்கினான்.

முறுக்கி முடித்தான். குச்சியைச் செருகினான். சட்டைப்பையிலிருந்து பாதிச் சுருட்டை எடுத்துப் பற்றவைத்தான். ஒரு கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு புகையை விட்டான். பாதங்கள் தரையில் இருந்தன, முதுகு நேராக இருந்தது, முகத்தில் வலி இல்லை. அவன் உட்கார்ந்திருந்தான்.

தெல்பீனா மழையிலேயே நின்றாள். தலைத்துணி நனைந்து கழுத்தில் தண்ணீர் இறங்கியது. ஒரு குருவி ஜன்னலில் வந்து உட்கார்ந்தால் எப்படி நிற்போமோ அப்படி நின்றாள்.

சுருட்டு முடிகிற சமயம் அவன் அவளைப் பார்த்தான். என்ன தோன்றிற்றோ, "இன்னிக்குக் கதவு தொறந்துதான் இருக்கு" என்றான்.

உள்ளே போனாள். தட்டை வைக்க உயரமான அலமாரியைத் தேடினாள். அவன் கையை நீட்டி, "இங்க குடு" என்றான். வாங்கித் தொடைமேல் வைத்தான். தொடை முன்பக்கம் சரிவாக இருந்ததால் தட்டு வழுக்கியது. சட்டென்று பிடித்துக்கொண்டான். தட்டைப் பார்த்தான், தொடையைப் பார்த்தான், அசையாமல் இருந்தான்.

"தெல்பீ."

"ம்."

"நான் உக்காந்திருக்கேனா?"

"ம்."

"எவ்வளவு நேரமா?"

"சுருட்டு பத்தவைக்கறதுக்கு முன்னாடியே."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா எந்திரிச்சிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவன் அடையைப் பிய்த்து வாயில் போட்டான். மெல்லும்போது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. அவள் துடைத்தாள்.

"கை தப்பலியே?" என்று கேட்டான்.

"தப்பல. என் கண்ணுதான் தப்பிடுச்சு" என்றாள்.

ஒரு பிரச்சனை தீர்ந்தால் அடுத்தது தயாராக நிற்கும். அதே மாதிரி ஒன்று செய்து கல்யாணத்துக்குக் கொண்டுபோகலாமே என்று தெல்பீனா சொன்னதும் ஒத்தாவியோ மறுத்துவிட்டான்.

"ஊரே நாற்காலிக்காரன். முன்னாடி கவுந்து நிக்கறத எடுத்துட்டுப் போயி எர்மெஸ் முற்றத்துல வெச்சா சிரிச்சே செத்துருவாங்க. அப்பன் நொண்டி, அவனுக்குன்னு நொண்டி நாற்காலின்னு பேசுவாங்க. எம் மகளுக்கு அது சீதனமா?"

"கோழி அடையற கொம்பு மாதிரி இருக்கு" என்றாள் ஓந்தினா, ஆறுதலாக.

நீவெஸ் அந்த நாற்காலியில் ஏறிச் சாய்ந்து பார்த்தாள். குறுக்குச்சட்டத்தில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறு காலை வைத்தாள்.

"எனக்கு இதுதான்ப்பா வேணும்."

"எனக்காக சொல்லாத."

"உனக்காக யாரு சொன்னா? கல்யாணம் முடிஞ்சா நான் மாமா தொழிற்சாலையில உப்புத்தாள் மெஷின்ல நிக்கப்போறவ. அங்க இருக்கற பொண்ணுங்கள போய்ப் பாரு. சாயங்காலம் ஒவ்வொருத்தி காலும் பணியாரமா வீங்கியிருக்கு. நின்னாதான் கை எட்டும். உக்காந்தா எட்டாது. இதுல எட்டும்." கையை நீட்டிக் காட்டினாள். "நீ ஒரு தடவ உக்காந்து எந்திரிப்ப. நான் தினம் உக்காருவேன். அழகா கோரைய நானே பின்னிக்கறேன். பலக வழுக்குது."

ஒத்தாவியோ வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். அவனுக்கு விருப்பமான வேலை வந்தால் தாடையைச் சொறிவான் என்பது தெல்பீனாவுக்குத் தெரியும்.

நாற்காலியை எடுத்துப்போக லிவியா வந்தபோது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஆர்க்கிடெக்டம்மா, இதே மாதிரி ஒண்ணு எம் மகளுக்குச் செஞ்சுக்கலாங்களா?"

லிவியா அவனை உட்காரச் சொன்னாள். சுற்றிவந்து பார்த்தாள். எங்கே வலிக்கிறது, எங்கே வலிக்கவில்லை, முழங்கால் எங்கே வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

"நின்னு வேலை செய்யறவங்கள நெனச்சுத்தான் வரைஞ்சேன். உக்காரவே முடியாதவங்கன்னு ஒருத்தர் இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள். "ஒண்ணு இல்ல, எத்தன வேணாலும் செஞ்சுக்கங்க. ஒரே ஒரு நிபந்தனை." தெல்பீனா பக்கம் திரும்பினாள். "மட்டம் பண்ணாதீங்க."

தெல்பீனா சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சிரிக்கும்போதுதான் தெரிந்தது. ஆர்க்கிடெக்டம்மாவுக்கு வால்நட் அடைத்த ரொட்டியை வெட்டி அதன்மேல் கிராப்பாச் சாராயத்தைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்தாள். சேற்றிலிருந்து காரை இந்த முறை லிவியா ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனாள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் புது நாற்காலி முற்றத்துக் கல்மேல் நின்றது. பீச் மரம் தேன் நிறத்தில் மின்னியது, நீவெஸ் பின்னின கோரை இறுக்கமாகப் பச்சை வாடையோடு இருந்தது. தெல்பீனாவின் கை தன்னால் ரசமட்டத்தை எடுத்துவிட்டது. குமிழி ஓடிப்போய்ப் பின்பக்கம் ஒட்டியது. அங்கேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டு ரசமட்டத்தை ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. எர்மெஸ் வீட்டு முற்றத்தில் கல்பாவின தரை கழுவிவிட்டிருந்தது, புளிக்கிற திராட்சைச் சாறு வாடை தெருவரை வந்தது. கோவிலிலிருந்து எல்லாரும் நடந்து வந்தார்கள். ஒத்தாவியோ நாற்காலியைத் தோளில் கவிழ்த்துச் சுமந்து வந்தான். நடு முற்றத்தில் இறக்கி வைத்தான்.

முற்றத்தில் இருந்த ஒவ்வொருவனும் நாற்காலிக்காரன், ஒவ்வொருத்தியும் மட்டக்கல்லில் கை பழகியவள். கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது.

"பின்னங்கால் நீளம்."

"இல்ல, முன்னங்கால் குட்ட."

"பாவம், ரெண்டும்தான்."

"முதுகு எங்கடா?"

சில பெண்களின் விரல்கள் தன்னால் இல்லாத ரம்பத்தைப் பிடித்தன. எர்மெஸ் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்து சுற்றிப் பார்த்தான். "டேய் ஒத்தாவியோ, உன் நாற்காலி குனிஞ்சு கும்புடுதே!"

"சம்பந்தி முன்னாடி நிக்கறான்ல, மரியாதை" என்றான் ஒத்தாவியோ.

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஓந்தினா ஒரு மரச்சில்லோடு ஓடிவந்தாள். எங்கே பொறுக்கினாளோ தெரியாது. குனிந்து முன்னங்காலுக்கு அடியில் செருகப் போனாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. தெரிந்த நாற்காலிதான், ஆனாலும் ஊர் தம்பியைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்குத் தாங்கவில்லை. தெல்பீனா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. அது அப்படித்தான் நிக்கணும்."

"ஊரு பாக்குதுடி!"

"பாக்கட்டும்."

ஒத்தாவியோ திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தான்.

முற்றம் அடங்கியது. கிறிஸ்துமஸிலிருந்து அவன் உட்கார்ந்து வீட்டார் தவிர ஊரில் யாரும் பார்த்ததில்லை. யாரோ ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஓந்தினா கையிலிருந்த மரச்சில்லைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சடங்குக்கு ஒரு கணம் உட்கார்ந்தால் போதும். உட்கார்ந்து, எழுந்து, மகள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டால் முடிந்தது.

ஒத்தாவியோ எழவில்லை. கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். முற்றத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தான்.

நீவெஸ் கிட்ட வந்து குனிந்தாள். "எந்திரிப்பா. நான் உக்காரணும்."

"இரு."

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் எத்தன மாசம் நின்னேன். அவங்க கொஞ்சம் நிக்கட்டும்."

சமையலறை வாசலில் பெண்கள் களிப் பலகையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. எர்மெஸுக்குப் பசி தாங்காது. "சம்பந்தி, களி ஆறுது!" என்று கத்தினான்.

"நின்னுக்கிட்டே சாப்புடுடா" என்றான் ஒத்தாவியோ. "ஒண்ணும் ஆகாது. நான் பாத்திருக்கேன்."

எர்மெஸ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு ஒரு தட்டை வாங்கினான். களியை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒத்தாவியோவுக்குப் பக்கத்தில் வந்து நின்று தின்னத் தொடங்கினான். அவனைப் பார்த்து மாப்பிள்ளை ஒரு தட்டை வாங்கினான், பாதிரியார் வாங்கினார், மற்றவர்களும் வாங்கினார்கள். நூறு நாற்காலி அடுக்கிக் கிடந்த முற்றத்தில் ஊரே நின்றுகொண்டு சாப்பிட்டது. நீவெஸ் அப்பன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தன் முறைக்காக நின்றாள். தெல்பீனா ஒரு தட்டில் போட்டு எடுத்துவந்தாள். வழுக்கிவிடாமல் அவன் தொடைமேல் தானே பிடித்துக்கொண்டாள்.